இங்கிலாந்துத் தட்டு

றெனோல்ட் தன் ஜப்பான் இசைத்தட்டைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு, பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் ஞானேந்திரன் வீட்டுக்கு வந்திருந்தான். அதே பழைய ராக் ஆல்பம் ஞானேந்திரனிடமும் இருந்தது, இங்கிலாந்தில் அச்சானது. எது நன்றாக ஒலிக்கிறது என்று இன்று முடிவு கட்டியாக வேண்டும்.

முதலில் ஜப்பான் தட்டு சுழன்றது.

“நல்ல கிளியரா இருக்கு அண்ணை,” என்றான் றெனோல்ட்.

“கிளியர்தான். ஆனா உயிர் இல்லை. இப்ப கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேளும்.”

ஞானேந்திரன் தன் தட்டைப் போட்டுவிட்டுப் பலமாக இருமினார்.

சற்று நேரத்தில் றெனோல்டுக்குப் புல்லரித்தது. “அண்ணை! ட்ரம்ஸில அந்தச் சிம்பல் தாளம் ‘ஸ்ஸ்ஸ்’ எண்டு இழுக்குது! என்ரை தட்டில இது கேக்கவே இல்லை!”

“ஒறிஜினல் எண்டால் அப்பிடித்தான்.”

“மாத்துவமே அண்ணை? ஜப்பானை நீங்கள் வைச்சிருங்கோ.”

“சரி, உமக்காக,” என்று பெருமூச்சுவிட்டபடி ஞானேந்திரன் ஊசியைத் தூக்கினார்.

பாட்டு நின்றது. ‘ஸ்ஸ்ஸ்’ நிற்கவில்லை.

சமையலறையிலிருந்து அவர் மனைவி அஞ்சலீனாவின் குரல் கேட்டது.

“இஞ்சாருங்கோ, தம்பி ஓம் எண்டிட்டாரே? இல்லாட்டி மிச்ச வடகத்தையும் பொரிக்கட்டோ?”