ஆற்றோரத் தெருவில் அறிவிப்பு

“மறுபடியும் போச்சு!” மைக்செட்காரர் மைக்கை மனைவியின் கையில் திணித்துவிட்டு, மழையில் இறங்கி ஓடி டிக்கியைத் திறந்தார்.

மேலே அணையைத் திறந்தாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஆற்றோரத் தெருவுக்குள் வெள்ளம் வந்துவிடும். நாற்பது வீட்டுக்காரர்களையும் அறிவிப்புச் செய்து கிளப்பும் பொறுப்பு, ஒலிபெருக்கி கட்டிய அவருடைய பழைய காரின் தலையில் விழுந்திருந்தது. அந்தக் காரோ தெருமுனைக்கு வந்ததும் ஊமையாகிவிட்டது.

“ஃப்யூஸ் போயிருக்குமோ?” என்றாள் மனைவி.

“ஃப்யூஸ் போனா ஆம்ப்ளிஃபையர்ல லைட்டே எரியாதே. நீ ஹலோ சொல்லு, பார்ப்போம்.”

“ஹலோ!”

லைட் பொசுக்கென்று போனது. அவர் வைத்துப் பார்த்த மீட்டரில் முள் ஒன்பது வோல்ட்டுக்கு இறங்கியது.

“பேட்டரியில பன்னிரண்டரை இருக்கு, இங்க ஒன்பதுதான் வருது. நடுவுல எவனோ முழுங்குறான்!”

“ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் பேசாம இரு, புண்ணியமாப் போகும்.”

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குடையை விரித்து நடையைக் கட்டினாள். கோபித்துக்கொள்ள நல்ல நேரம் பார்த்தாள் என்று அவர் பல்லைக் கடித்தார்.

கைக்குழந்தைகளும் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களும் இருக்கிற தெரு. இன்று கோட்டை விட்டால் பிறகு எந்த முகத்தோடு இந்தப் பக்கம் வருவது? விடுவதில்லை என்று டிக்கிக்குள் இடுப்புவரை நுழைந்தார். சிவப்பு வயரை முனைக்கு முனை தடவிப் பார்த்தார், அதில் குறையில்லை. கறுப்பு எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், போல்ட்டுக்கு அடியில் ஒரே துரு.

“அடப்பாவி, நீதானா!”

உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்தார். ஸ்பானர் வழுக்கி விரல் கிழிந்தது. அதைப் பார்க்க நேரமில்லை. இறுக்கி முடித்து நிமிர்ந்தபோது முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. தண்ணீர் டயரைத் தொட்டுவிட்டது.

“எல்லாரும் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புங்க!” தெருவே அதிர்ந்தது. அவருக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஒரு கதவும் திறக்கவில்லை. சத்தத்தைக் கூட்டிக் கெஞ்சினார். பிறகு திட்டவும் செய்தார்.

தெருக்கோடியிலிருந்து கணுக்கால் தண்ணீரில் மனைவி ஓடிவந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

“வீடு வீடாக் கதவைத் தட்டி, எல்லாரையும் பின்வழியா மேட்டுக்கு அனுப்பியாச்சுங்க. இன்னும் கிளம்பாம இருக்கிறது நாம ரெண்டு பேர்தான், வண்டியை எடுங்க!”