காற்று வந்த வழி

போன மாதம் வடதுருவத்துக் காற்றை வடிகட்டிய தாள், ஜேர்மனியின் பான் நகரத்து ஆய்வகமொன்றுக்கு வந்திருந்தது. அதில் காட்டுத்தீயின் புகைக்கரி படிந்திருந்தது. ஆய்வாளர் தக்சாயினி வழக்கம்போல அந்தக் காற்று வந்த வழியைக் கணினியில் பின்னோக்கி வரைந்தாள். அவள் எதிர்பார்த்தபடி கோடு காடுகள் எரிந்த கனடாவுக்குப் போகவில்லை. ஆய்வகத்துக்குப் பின்னாலிருக்கும் பைன் காட்டில் வந்து நின்றது.

"எங்கையோ பிழை விட்டிட்டம் அக்கா. இந்தக் காடு ஒருநாளும் எரியேல்லையே, பச்சையாத்தானே நிக்குது," என்றான் கூட வேலை செய்யும் மதீசன்.

"ஓம்," என்றபடி அவள் தாளை நுண்நோக்கியில் வைத்தாள். கரிக்கு நடுவே உருகிச் சுருண்ட மஞ்சள் நைலோன் இழைகள் கிடந்தன.

யன்னலுக்கு வெளியே கிண்டர்கார்டன் பிள்ளைகள் மஞ்சள் நைலோன் மேலங்கிகளோடு வரிசையாகக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தாளில் படிந்திருப்பது இனி வரப்போகும் தீ என்று பட்டதும் அவள் இரண்டு கைகளாலும் கண்ணாடியில் அடித்தாள். ஜேர்மன் மொழி வாயில் வரவில்லை.

"போகாதேங்கோ!"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்கள். பிறகு மரங்களுக்குள் போனார்கள்.