மூன்று கட்டத்திலும் டிக்

முன்னாள் மாணவர் சந்திப்பில், பிரியாணி வரிசையில் நின்றபடியே அறவாழி அந்தப் படிவத்தை நிரப்பினார். ‘கல்லூரிக்குத் திருப்பித் தர விரும்புவது: அனுபவம், பொறுமை, பேச்சு.’ ஏதாவது ஒன்றில் டிக் அடித்தால் போதும். லெக் பீஸ் தீர்ந்துவிடும் என்ற அவசரத்தில் மூன்றிலும் அடித்துவிட்டார்.

அன்றிலிருந்து கணினித் துறையின் நானூறு மாணவர்களுக்கும் போனில் அவர் குரல்தான் வழிகாட்டி; அவர் வாய்கூடத் திறக்க வேண்டியதில்லை. புரோகிராம் ஓடவில்லை என்று யார் அழுதாலும், “முதல்ல சாப்ட்டியா கண்ணு?” என்றுதான் அது ஆரம்பிக்கும்.

வீட்டில் மிஞ்சியது ஒரு “ம்” மட்டும். என்ன காய் வாங்கட்டும்? ம். மகளுக்கு வரன் பார்க்கலாமா? அதற்கும் ம்.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி கோமளம், நாற்பத்தேழு வயதில் அதே கல்லூரியின் கணினித் துறையில் பி.இ. முதலாண்டு சேர்ந்தார். கணக்குப் பாடம் உயிரை வாங்கியது. ஆனால் வாரம் இருபது நிமிடம் வழிகாட்டியோடு பேசலாம்.

முதல் அழைப்பைக் கூடத்தில் உட்கார்ந்தே போட்டார்.

“சாப்ட்டியா கண்ணு?” என்றது கணவரின் குரல்.

கோமளம் ஸ்பீக்கரைப் போட்டார். “எங்க வீட்டுக்காரர் எங்கிட்டப் பேசறதே இல்லீங்க சார்.”

“அடப்பாவமே! கட்டுன பொண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்தை பேசறதுக்கு என்ன கேடு? அந்த ஆளை நெனச்சு இன்டர்னல் மார்க்கை விட்டுடாத கண்ணு. உன் அருமை அவனுக்கெல்லாம் புரியாது.”

எதிர் சோபாவில் இருந்த அறவாழி செய்தித்தாளை இறக்கினார். முழுதாக ஆமோதித்துத் தலையாட்டினார்.

“ம்.”