தைல மூடிக்குள் குடித்தனம்

தீவுக் காட்டில் குரங்கும் பறவையும் பார்த்துச் சுற்றியதில் வலியெடுத்த முழங்காலை விடுதி வராந்தாவில் நீட்டி, மாலை வெயிலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே கணவர் கட்டிலடியில் தலையை விட்டு, நேற்றிலிருந்து காணாமல்போன தைல டப்பா மூடியைத் தேடுகிறார். அந்த நீல மூடி அவள் காலருகே மெல்ல நடந்து போகிறது. அதற்குள் ஒரு குட்டி நண்டு, காலிச் சங்கு தேடிக் குடியேறும் வகை. மகளுக்கென்று கரையில் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துவைத்த சங்கு அவளை உறுத்துகிறது. முடிச்சை அவிழ்த்துச் சங்கை அதன் முன்னால் வைக்கிறாள். நண்டு சுற்றிவந்து தடவுகிறது, உள்ளே எட்டிப் பார்க்கிறது. தண்ணி வசதி எப்படி என்று கேட்காத குறைதான். பிறகு வெற்றுடம்பைச் சட்டென்று உருவிச் சங்குக்குள் நுழைந்துகொள்கிறது. அவள் காலியான மூடியை எடுத்துக்கொள்கிறாள். "மூடி அங்க இருக்கா பாரு," என்று உள்ளிருந்து குரல் வருகிறது. "இருக்குங்க. இப்பதான் காலி பண்ணிக் கொடுத்தாங்க."