ரெண்டு பேர் அடுப்பு

“தங்கராசு அண்ணே! இன்னைக்கும் சிலிண்டர் இல்லேன்னு சொன்னீங்கன்னா, நானே பாயை எடுத்துகிட்டு வந்து ஏஜென்சி வாசல்ல உக்காந்துடுவேன், ஆமா!”

கொல்லையில் நின்றபடி போனில் அனுப்பிரியா போட்ட சத்தத்துக்கு, கீரப்பாளையமே எழுந்து கேஸ் ஏஜென்சிக்குக் கிளம்பிவிடும் போலிருந்தது.

உள்ளே தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த ஜோதிலட்சுமி, கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“என்னா சொன்னாரு?”

“எப்பவும் பாடுற பாட்டுதான்க்கா. கப்பல் வரலியாம், லோடு வரலியாம். டெலிவரி பண்ற ஆளுன்னு ஒருத்தர் எதுக்குதான் இருக்காரோ!”

“வரும்போது வரட்டும், விடு” என்றாள் ஜோதி. மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஜோதி, தம்பியைக் கட்டியவள் அனு. வீடு ஒன்றுதான். ஆனால் வாசல் இரண்டு, சமையலறை இரண்டு, நடுவில் ஒரு சுவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அனு வைத்த கருவாட்டுக் குழம்பை, விருந்தாளிகள் எதிரிலேயே “உப்பு ஜாஸ்தி” என்று ஜோதி சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். அடுத்த மாதமே அனு தனியாகச் சமைக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணனும் தம்பியும் அவர்கள் பாட்டுக்கு ஒரே பைக்கில் சிதம்பரம் போய், ஒரே கடையில் உட்கார்ந்து, ஒரே பைக்கில் திரும்பி வந்தார்கள். வீட்டுக்குள் இவர்கள் இரண்டு பேரும்தான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஜோதியின் பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். புருஷன் போனால் ராத்திரிதான் வருவார். பகல் முழுக்க அவளுக்குப் பேச்சுத் துணை டிவிதான். அதுவும் அவள் கேட்டதற்கு ஒருநாள்கூடப் பதில் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் கேஸ் தட்டுப்பாடு வந்தது. இண்டக்‌ஷன் அடுப்பை நம்பினால் கரண்ட் கழுத்தறுத்தது. பரணில் கிடந்த மரத்தூள் அடுப்பை ஜோதி இறக்கினாள்.

அந்த அடுப்பில் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் ஒரு பாட்டில், அடியில் இருக்கும் துளையில் ஒரு பாட்டில் என்று வைத்து, ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் குத்தி இறுக்க வேண்டும். அப்புறம் பாட்டில்களை உருவினால் நெருப்புக்கு வழி கிடைக்கும். ஒற்றை ஆளாகச் செய்தால் பொலபொலவென்று சரியும். ஜோதிக்குச் சரிந்தது. மறுபடியும் சரிந்தது. பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அனு, வந்து எதிரில் குந்தி பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

பற்றவைத்த மரத்தூளைப் பாதியில் அணைக்கவும் முடியாது. ஒரு வீட்டுச் சமையல் முடிந்த பிறகும் அது கனகனவென்று எரிந்துகொண்டிருக்கும். வீணாகப் போவானேன் என்று அனுவின் உலையும் அதிலேயே ஏறியது. பத்து நாளில், எது யார் வைத்த குழம்பு என்று புருஷன்மாருக்கே தெரியாமல் போய்விட்டது.

“கையை ஆட்டாதடி!”

“நானா ஆட்டுறேன்? நீங்க இடிக்கிற இடியில அடுப்பே மண்ணுக்குள்ள போயிடும் போல இருக்கு.”

“சரி சரி, ரசத்துல உப்பு போட்டியா?”

“போட்டேன். ஜாஸ்தியா இருந்தா, யாராவது விருந்தாளி வரட்டும், அப்ப சொல்லுங்க.”

ஜோதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அனுவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்படி ஒரு காலம் வரும் என்று யார் கண்டது!

ஆனால் மறுநாள் காலையில் கொல்லையில் அதே சண்டை கேட்டது. “அண்ணே, எனக்கு இன்னைக்கு சிலிண்டர் வந்தாகணும்!” ஜோதிக்கு மனசு விட்டுப்போனது. இவ்வளவு சிரித்துப் பேசுகிறவள், தன் அடுப்படிக்கு எப்போது திரும்பலாம் என்று இப்படித் துடிக்கிறாளே. சிலிண்டர் வந்துவிட்டால் மறுபடியும் அந்தச் சுவர், அந்த டிவி.

அனு சாக்கை எடுத்துக்கொண்டு மரத்தூள் வாங்க மரவாடிக்குப் போயிருந்தபோது, வாசலில் தங்கராசுவின் குரல் கேட்டது.

“யக்கா! உங்களுக்கு வந்துடுச்சு. ஸ்வீட் எடுத்து வைங்க!”

தோளில் சிலிண்டரோடு நின்றவனைப் பார்த்ததும் ஜோதி பதறிப்போய்த் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“உஸ்! மெதுவாப் பேசுப்பா. இதைத் திருப்பி எடுத்துகிட்டுப் போயிடு.”

“யக்கா, ஊர்ல சிலிண்டருக்கு அடிதடியே நடக்குது!”

“அதான் சொல்றேன். கைக்குழந்தை இருக்கிற வீடாப் பாத்துக் குடு. இங்க வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக்க.”

தங்கராசு முழித்தான். ஜோதி தயங்கித் தயங்கிக் குரலைத் தாழ்த்தினாள்.

“இன்னொரு உதவியும் பண்ணு. அனு தினமும் உனக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்கிறா இல்ல, அவ சிலிண்டரையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடேன். தப்புதான், எனக்கே தெரியுது. ஆனா அது வந்துட்டா அவ என் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டா. என்னால மறுபடியும் அப்படி இருக்க முடியாதுப்பா.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கராசு சிலிண்டரைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“என்னாக்கா சொல்றீங்க? அவுங்க எனக்கு ஒருவாட்டிகூட போன் பண்ணதில்லியே! அவுங்க சிலிண்டரை நான் போன வாரமே கொண்டாந்தேன். ‘எங்கக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்ண்ணே’ன்னு கையெடுத்துக் கும்பிட்டு அவுங்கதான் திருப்பி அனுப்பிட்டாங்க.”