அத்தை ஒளித்த ஸ்க்ரூடிரைவர்

"அத்தை, அந்தக் குட்டி ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தீங்களா? மேசை மேலதான் வச்சிருந்தேன்."

"நான் எங்க பார்த்தேன் மாப்பிள்ளை? உங்க சாமானையெல்லாம் நான் தொடுறதே இல்லையே."

மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரமும் இப்படித்தான், லேப்டாப்பில் தூசி தட்ட வாங்கி வைத்த பிரஷ் காணாமல் போனது. அதற்கு முன்னால், "கழட்டினா திரும்ப மாட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டே அவனை எழுந்துபோக வைத்தாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன் அவன். வாடிக்கையாளர்களோடு பேசுவதுதான் வேலையே. லேப்டாப்பைத் திறந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் விசிறி இரைய ஆரம்பித்துவிடும். வீடு முழுக்கக் கேட்கும்.

"என்னப்பா, மாவு மில்லுல உட்கார்ந்து பேசுறியா?" என்று முதலில் சிரித்த மேனேஜர் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. "இன்னிக்கு மீட்டிங்லயும் அந்தச் சத்தம் கேட்டா, இந்த வாடிக்கையாளரை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சிடுவேன். அப்புறம் உனக்கு இங்க என்ன வேலைன்னு நீயே யோசிச்சுக்கோ" என்று காலையில் சொல்லிவிட்டார். கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்க நேரமில்லை.

மனைவிக்குப் போன் போட்டான். அவள் அலுவலகத்தில் இருந்தாள்.

"உங்க அம்மா ஸ்க்ரூடிரைவரை ஒளிச்சு வச்சிருக்காங்க."

"ஆமா, அதை வச்சுக் காது குடையப் போறாங்க பாருங்க!"

"விளையாடாதே. என் பொழப்பு போகப்போகுது."

"இடுப்பு ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்கிற மனுஷி மேல ஏங்க பழி போடுறீங்க?"

"இடுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வலிக்குதான்னு நீ தினமும் கேக்குற, துளிகூட இல்லன்னு அவங்களே சொல்றாங்க."

"அவங்க அப்படிச் சொல்லப்போய்த்தான் நான் நிம்மதியா வேலைக்கு வர்றேன். இனிமே லீவு கேட்டா வீட்டோட இருந்துக்கோன்னு சொல்லிட்டாங்க இங்க. வைங்க, கூப்பிடுறாங்க."

மாமியார் குளியலறைக்குப் போன சமயம் பார்த்து அவள் அறைக்குள் நுழைந்தான். தலையணையைத் தூக்கினான்.

ஸ்க்ரூடிரைவர் இருந்தது. பக்கத்தில் பிரஷ்ஷும் இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த மாமியார், அவன் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மிஷின்னா சத்தம் வரத்தான் செய்யும் மாப்பிள்ளை. எனக்கு அது தொந்தரவாவே இல்ல. விட்டுடுங்களேன்."

"உங்களுக்கு இல்ல, எனக்கு இருக்கு!" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கொஞ்சம் படுத்தா, 'இன்னிக்கு வேலை இல்லையா'ன்னு வந்து நிக்கிறீங்க. வேலை பார்க்கலாம்னா சாமானை ஒளிச்சு வைக்கிறீங்க. நான் என்னதான் பண்ணணும்? சொல்லுங்க!"

அவன் வெளியே வந்ததும் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டான். ஒவ்வொரு திருகாகக் கழற்றி, இடம் மாறிவிடாமல் ஒரு தாளில் அதே வரிசையில் வைத்தான். அடிமூடியை நகத்தால் நெம்பித் திறந்தான். முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிரித்தான்.

விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. அச்சில் ஒரு நீள முடி சுற்றி இறுகிக் கிடந்தது. அதை மெல்ல உருவினான். இறக்கை சுழலாதபடி பல்குத்தும் குச்சியால் முட்டுக்கொடுத்து, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுத்தான். அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. பேட்டரியை இணைத்துத் திரும்ப மூடினான்.

போட்டுப் பார்த்தான். காதை ஒட்டி வைத்தால்தான் ஓடுவதே தெரிந்தது.

மீட்டிங் தொடங்கியது.

"அட, இன்னிக்குத்தான்யா நீ மனுஷன் மாதிரி பேசுற!" என்றார் மேனேஜர். ரொம்ப நாளுக்கு அப்புறம் சிரித்தார்.

அவனுக்கு உயிர் வந்தது. உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனான். எதிர்முனையில் இருந்த வாடிக்கையாளர்தான் குறுக்கிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்லையே சார்."

"யாரோ முனகுற மாதிரி இருக்கே?"

அவன் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தான். இப்போது அவனுக்கும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்.

"ஒரு நிமிஷம் சார்" என்று எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான்.

மாமியார் படுக்கையில் சுருண்டு கிடந்தாள். ஒரு கை இடுப்பை அழுத்திப் பிடித்திருந்தது. வாயில் துண்டைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அத்தை! என்ன ஆச்சு? எவ்வளவு நாளா இப்படி?"

அவசரமாகத் துண்டை உருவினாள்.

"மீட்டிங்ல கேட்டுடுச்சா மாப்பிள்ளை? உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனா?"

"அதை விடுங்க. வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா அவ வேலையை விட்டுட்டு வந்து என் தலைமாட்டுல உட்கார்ந்துடுவா. அவகிட்ட சொல்லிடாதீங்க. எப்பவும் சமாளிச்சுக்குவேன். இன்னிக்குத்தான் முடியல."

"எப்படி அத்தை சமாளிச்சீங்க? நான் பக்கத்து அறையிலதானே இருக்கேன், ஒரு நாள்கூடக் கேட்டதில்லையே!"

மாமியார் துண்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மிஷின் இரையுற நேரமாப் பார்த்துத்தான் மாப்பிள்ளை, நான் வாய்விட்டு அழுதுக்குவேன்."