பதினொன்றாவது வரி

சூப் அடிப்பிடித்த வாடை மாடிப்படி வரைக்கும் வந்தது.

“மன்னிச்சுக்கோ பொண்ணே. அவர் போய் இருபது வருஷமாச்சு, எனக்கு இன்னும் ஒரு சூப் வைக்கத் தெரியல,” என்றபடி மதாம் ஹெர்மின் ஜன்னலைத் திறந்துவிட்டார். வயது எண்பதை நெருங்கியும் குரல் கணீரென்று இருந்தது.

கிஸ்லேன் மூக்கைச் சுளிக்காமல் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. மதாமின் கணவர், ஓவியர் அன்செல்ம் ஃபூர்காட், 1921இல் வெளியிட்டுப் பாரிஸையே கலக்கிய செங்குத்துவாத ஓவிய இயக்க அறிக்கைதான் பொருள்.

அறிக்கையில் பதினொரு வரிகள். ‘படச் சட்டங்களை விறகாக்குவோம்’, ‘அருங்காட்சியகத்தில் ஆடு மேய்ப்போம்’ என்று பத்து வரிகள் முழங்கும். பதினொன்றாவது மட்டும், ‘மூன்று வெங்காயம், அரைக் கோழி, வெண்ணெய் வேண்டாம்!’

“அந்த ஒரு வரிக்கே நூத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன் மதாம். வெண்ணெய்னா பணக்காரங்க. அரைக் கோழின்னா போர்ல பாதியாப் போன பிரான்ஸ். ஃபூர்காட்டோட மேதைமை முழுக்க அதுலதான் இருக்கு!”

“வெங்காயம்?”

“தாய்மார்களோட கண்ணீர்.”

மதாம் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அலமாரியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் அந்தப் பதினொன்றாவது வரி மட்டும், அவசரக் கிறுக்கலாக.

“அப்போ காகிதத்துக்குத் தட்டுப்பாடு. கடைச் சீட்டைக்கூட எழுதின தாளோட பின்பக்கம்தான் எழுதணும். அச்சுக் கோக்கிறவர் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோத்துட்டார். மறுநாள் பத்திரிகையெல்லாம் அந்த வரியைத்தான் தலையில தூக்கி வெச்சு ஆடிச்சு. அப்புறம் யாரு வாயைத் திறக்கிறது?”

கிஸ்லேனுக்கு முகம் வெளுத்தது.

“கடைச் சீட்டா! அவரோட அறிக்கைக்குப் பின்னால நீங்க கடைச் சீட்டு எழுதிட்டீங்களா? ஐயோ மதாம், நாலு வருஷ உழைப்பு! அப்போ அந்த வரி ஃபூர்காட் எழுதினதே இல்லையா?”

“பயப்படாதே. அது சத்தியமா அவர் எழுதினதுதான்,” என்று மதாம் தாளை மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தார்.

“மத்த பத்தும்தான் நான் எழுதினது.”